மூன்றாவது ஆளுக்கு எந்த மந்திரம்?

"அக்கா, நானும் வரேன். ஆனா எனக்குக் கத்தி, கோடாரி எல்லாம் வேணாம். மந்திரம் போடற ஆளா ஒன்னு சொல்லுங்க."

சித்தப்பா மகள் இப்படிக் கேட்டு இரண்டு வாரம் ஆகிறது. எஸ்.பி.எம். தேர்வு எழுதி முடித்துவிட்டுக் கல்லூரிக்குக் காத்திருக்கிறாள். சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு நானும், ஜொகூர் பாருவில் வேலை செய்யும் என் தம்பியும் இணையத்தில் சேர்ந்து பால்டர்ஸ் கேட் 3 என்ற கணினி விளையாட்டை விளையாடுவது அவளுக்குத் தெரியும். அந்த நேரத்துக்குச் சுங்கை சிப்புட் கடைத்தெரு அடங்கிவிடும். செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லாரிச் சத்தமும் ஓய்ந்திருக்கும். நள்ளிரவு வரைக்கும் எங்களுக்கு மூன்று மணி நேரம் கிடைக்கும். வாரத்துக்கு அவ்வளவுதான்.

ஒரே வரியில் பதில் சொல்லியிருக்கலாம். மனம் வரவில்லை. இந்த விளையாட்டில் மந்திரத்தையே முழுக்க நம்பியிருப்பவர்கள் ஆறு வகை: விஸார்டு, சோர்சரர், வார்லாக், கிளெரிக், பார்டு, ட்ரூயிட். ஒவ்வொருவரும் மந்திரத்தைச் சேர்க்கும் விதமும் செலவழிக்கும் விதமும் வேறு வேறு. தனக்குப் பொருந்தாததை எடுத்துவிட்டு இரண்டாவது வாரமே விலகிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். இவள் அப்படிப் போய்விடக் கூடாது. அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இதே இடத்தில் நிற்கும் வேறு யாருக்காவது பயன்பட்டால் இன்னும் மகிழ்ச்சி.

விளையாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. பெல்ஜியத்தின் கெண்ட் நகரத்தில் இருக்கும் லாரியன் ஸ்டூடியோஸ் உருவாக்கியது. கணினிக்கு 2023 ஆகஸ்ட் 3-ஆம் தேதி வெளிவந்தது. அந்த நிறுவனத்துக்குக் கோலாலம்பூரிலும் ஒரு ஸ்டூடியோ உண்டு என்பதைத் தம்பி யாரிடமும் சொல்லாமல் விடமாட்டான். மேசையில் பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு விதிகள்தான் இதற்கு அடிப்படை. மொத்தம் 12 கிளாஸ், அதாவது பாத்திர வகை; உச்ச லெவல் 12, ஒரு குழுவில் நான்கு பேர். எஸ்.எஸ்.டி.யில் 150 ஜிபி இடம் கேட்கும். எங்கள் வீட்டு இணையத்தில் இறக்கி முடிக்க இரவு இரவாகக் கணினியை அணைக்காமல் விட்டிருந்தேன்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது எது அதிகம் எரிக்கும், எது அதிகம் உறைய வைக்கும் என்பதல்ல. மந்திரம் எப்போது தீர்கிறது, எப்போது திரும்பி வருகிறது என்பதுதான். பெரும்பாலான மந்திரங்களைப் போட ஒரு ஸ்லாட் செலவாகும். ஸ்லாட்டுகள் படிப்படியாக இருக்கும்: முதல் படி மந்திரத்துக்கு முதல் படி ஸ்லாட், மூன்றாம் படிக்கு மூன்றாம் படி. லெவல் 5-இல் ஒரு விஸார்டுக்கு முதல் படியில் 4, இரண்டாம் படியில் 3, மூன்றாம் படியில் 2 ஸ்லாட் இருக்கும். தீர்ந்தால் தீர்ந்ததுதான். முகாமுக்குப் போய்ப் படுத்து எழும் லாங் ரெஸ்ட்டில்தான் அவை திரும்பும். அதற்கு 40 அளவு உணவுப் பொருள் வேண்டும். டாக்டீஷியன் என்ற கடினமான ஆட்ட நிலையில் 80. இதற்கிடையில் இரண்டு முறை ஷார்ட் ரெஸ்ட் எடுக்கலாம். அதற்கு உணவு தேவையில்லை, நின்ற இடத்திலேயே முடிந்துவிடும். ஸ்லாட் செலவே இல்லாமல் எத்தனை முறை வேண்டுமானாலும் போடக்கூடிய சிறு மந்திரங்களும் உண்டு. அவற்றுக்குக் கான்ட்ரிப் என்று பெயர்.

எங்கள் அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். கூலிக் கணக்கு பேசாத நாள் வீட்டில் இருந்ததில்லை. நாள் சம்பளத்தில் குடும்பம் நடத்துவதும் மாதச் சம்பளத்தில் நடத்துவதும் ஒன்றல்ல என்று அம்மா சொல்வார். கையில் வரும் மொத்தம் ஒன்றாகவே இருந்தாலும் மனிதர் நடந்துகொள்ளும் விதம் மாறிவிடும். இந்த ஆறு கிளாஸையும் அந்தக் கண்ணோடு பார்த்தபோதுதான் எனக்குத் தெளிவு வந்தது.

விஸார்டிலிருந்து தொடங்குகிறேன். என் முதல் ஆட்டம் அதில்தான்.

விஸார்டின் பலம் புத்திக்கூர்மை, அதாவது இன்டெலிஜன்ஸ். அவருடைய தனிச்சிறப்பு என்னவென்றால், வழியில் கிடைக்கும் மந்திரச் சுருள்களைப் படித்து, அந்த மந்திரத்தைத் தன் ஏட்டில் நிரந்தரமாக எழுதிக்கொள்ளலாம். படிக்கு 50 பொன் செலவு. தான் தேர்ந்த பிரிவைச் சேர்ந்த மந்திரமானால் பாதிதான். எவோகேஷன், அப்ஜுரேஷன், டிவினேஷன் என்று எட்டு பழைய பிரிவுகள். 2025 ஏப்ரலில் வந்த எட்டாம் பேட்ச், அதாவது புதுப்பிப்பு, பிளேட்சிங்கிங் என்ற பிரிவையும் சேர்த்தது. ஏட்டில் எத்தனை இருந்தாலும் ஒரு நேரத்தில் தயார் நிலையில் வைக்கக்கூடியது லெவலோடு இன்டெலிஜன்ஸ் கூடுதலையும் சேர்த்த எண்ணிக்கை. லெவல் 5-இல், இன்டெலிஜன்ஸ் 18 என்றால் கூடுதல் 4, ஆக ஒன்பது மந்திரம். சண்டை இல்லாத எந்த நேரத்திலும் அந்த ஒன்பதை மாற்றிக்கொள்ளலாம். தோட்டத்தில் ஆட்கள் கூடும் விடியற்காலைப் பெரட்டில் யார் எந்த மர நிரைக்கு என்று பிரித்து அனுப்புகிற மாதிரி, அடுத்து வரப்போகிற சண்டைக்கு எது வேண்டும் என்று முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும்.

எனக்கு அது பெரிய சந்தோஷத்தைக் கொடுத்தது. நான் படித்த தோட்டத்துப் பள்ளியில் நூலகம் என்றால் பூட்டுப் போட்ட ஒரே அலமாரி. வெள்ளிக்கிழமைதான் திறப்பார்கள். ஒவ்வொரு புதுச் சுருளும் கிடைக்கும்போது அந்த அலமாரியின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது போல இருந்தது. விளையாட்டில் கிடைத்த பொன்னையெல்லாம் சுருளுக்கே கொட்டினேன். எவோகேஷன் பிரிவை எடுத்திருந்ததால் லெவல் 2 முதலே என் எவோகேஷன் மந்திரங்கள் கூட்டாளிகளைத் தொடவே தொடாது. எதிரிகளோடு கைகலந்து நிற்கும் நம் ஆட்கள் மேலேயே ஃபயர்பால் என்ற தீப்பந்து மந்திரத்தைப் போடலாம். அவர்களுக்கு ஒரு கீறல்கூட விழாது. எட்டு ஆறுமுகப் பகடை, சராசரி 28 சேதம். இதைப் போல மன அமைதி தருவது வேறொன்றில்லை.

ஆனால் மூன்றாம் படி ஸ்லாட் இரண்டே இரண்டு. ஆர்கேன் ரிகவரி என்ற வசதியால் லெவல் 5-இல் மூன்றாம் படி ஸ்லாட் ஒன்றை மீட்டுக்கொள்ளலாம், அதுவும் லாங் ரெஸ்ட்டுக்கு ஒரு முறைதான். ஆக மூன்று பெரிய மந்திரம். பிறகு சின்னதுகளோடு சமாளிக்க வேண்டும், இல்லையென்றால் முகாமுக்குப் போக வேண்டும். தனியாக விளையாடும்போது நான் நினைத்தபோதெல்லாம் போய்ப் படுத்தேன். சேர்ந்து விளையாடும்போது லாங் ரெஸ்ட்டுக்கு எல்லோரும் சம்மதிக்க வேண்டும். "இப்பதானே எழுந்தோம்?" என்று தம்பி கேட்பான். நியாயமான கேள்விதான்.

உடல்வலுவும் குறைவு. கான்ஸ்டிடியூஷன், அதாவது உடல் உறுதி, 14 உள்ள விஸார்டுக்கு லெவல் 5-இல் 32 உயிர்ப்புள்ளிகள். அதே நிலையில் வார்லாக்குக்கு 38.

சோர்சரருக்கு வருகிறேன். என் மனம் விரும்புவது இதைத்தான் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் தரும் முடிவு வேறாக இருப்பதால்.

சோர்சரர் படித்து மந்திரம் கற்றவர் அல்லர், பிறவியிலேயே ரத்தத்தில் வந்தது. அதனால் அவருடைய பலம் கரிஸ்மா, அதாவது ஆளுமைக் கவர்ச்சி. தெரிந்த மந்திரங்கள் மிகக் குறைவு. லெவல் ஏறும்போது ஒன்றை மாற்றலாம், அதோடு சரி. ஆனால் அந்தச் சில மந்திரங்களை வளைக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். லெவல் 2 முதல் சோர்சரி பாயிண்ட் கிடைக்கும், லெவலுக்கு ஒன்று. அதைக் கொண்டு மெட்டாமேஜிக் செய்யலாம். ட்வின்டு ஸ்பெல் என்றால் ஒருவர் மேல் போட வேண்டிய மந்திரம் இருவர் மேல் விழும். குயிக்கன்டு ஸ்பெல் என்றால் மூன்று பாயிண்ட் செலவில் மந்திரத்தைத் துணைச் செயலாகப் போட்டுவிட்டு, தன் முறை (டர்ன்) முடிவதற்குள் இன்னொன்றையும் போடலாம். பாயிண்டைக் கரைத்து ஸ்லாட்டாகவும் ஆக்கிக்கொள்ளலாம்: முதல் படிக்கு 2, இரண்டாம் படிக்கு 3, மூன்றாம் படிக்கு 5.

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் சோர்சரரின் உண்மையான அழகு மற்றவர்களோடு சேரும்போதுதான் தெரிகிறது. ஹேஸ்ட் என்று ஒரு மூன்றாம் படி மந்திரம். யார் மேல் போடுகிறோமோ அவருக்கு ஒவ்வொரு முறையும் கூடுதலாக ஒரு செயல் கிடைக்கும். சோர்சரர் அதை ட்வின் செய்தால் மூன்று பாயிண்டில் இரண்டு பேருக்கு. முன்னால் நிற்கும் இரண்டு வீரர்களும் இரட்டிப்பாக அடிப்பார்கள். சண்டையின் முகமே மாறிவிடும்.

ஆனால் ஹேஸ்ட் கான்சன்ட்ரேஷன் மந்திரம். அதாவது, போட்டவர் கவனம் சிதறாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு நேரத்தில் இப்படிப்பட்டது ஒன்றுதான் பிடிக்க முடியும். அடி விழும் ஒவ்வொரு முறையும் ஒரு பகடை உருட்டித் தப்ப வேண்டும். சிறு அடியென்றால் பத்து வந்தாக வேண்டும். சோர்சரருக்குக் கான்ஸ்டிடியூஷன் சேவிங் த்ரோ என்ற இந்தத் தப்பும் பகடையில் இயல்பாகவே பயிற்சி உண்டு. லெவல் 5-இல் கான்ஸ்டிடியூஷன் 14 என்றால் கூடுதல் 5, தவறுவது நூற்றுக்கு 20. விஸார்டுக்குக் கூடுதல் 2 மட்டும், தவறுவது நூற்றுக்கு 35. சின்ன வித்தியாசம் போலத் தெரியும். ஆனால் ஒரு சண்டையில் நான்கு ஐந்து அடி வாங்குகிறவருக்கு அது வாழ்வா சாவா.

நூற்றுக்கு இருபது என்ற அந்தத் தவறு எனக்கு வந்தது. தனியாக விளையாடியபோது இரண்டு பேருக்கு ஹேஸ்ட் போட்டுவிட்டு, வில்லாளி ஒருவன் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் என் சோர்சரரை நிறுத்திவிட்டேன். ஓர் அம்பு. கவனம் உடைந்தது. ஹேஸ்ட் நின்றதும் அது பெற்றவர்கள் ஒரு முறை முழுக்கச் சோர்ந்து நிற்பார்கள். இருவருமே அசையாமல் நின்றார்கள், சுற்றிலும் எதிரிகள். அன்றைக்கு நான்கு பேரும் விழுந்தார்கள். சோர்சரர் எங்கே நிற்கிறார் என்பதுதான் அவருடைய பாதி மந்திரம் என்பதை அதற்குப் பிறகு மறக்கவில்லை.

இன்னொரு சேர்க்கையும் உண்டு. நனைந்த எதிரிக்கு மின்னலும் குளிரும் இரண்டு மடங்கு சேதம் தரும். நான் தெய்வ சக்தியால் மந்திரம் போடும் கிளெரிக்காக இருந்து முதல் படி மந்திரத்தில் தண்ணீரை வரவழைத்துக் கொட்டினால், அடுத்து வரும் சோர்சரர் மின்னல் பாய்ச்சலாம். எட்டுப் பகடை லைட்னிங் போல்ட் பதினாறு பகடை மாதிரி விழும். அதையும் குயிக்கன் செய்து இரண்டு முறை. மழை பெய்தால் அம்மாவுக்கு அன்று மரம் வெட்டு இல்லை, சம்பளமும் இல்லை. மாலை நேரத்து இடியைக் கேட்டால் இப்போதும் அம்மா வானத்தைப் பார்ப்பார். இந்த விளையாட்டில் மட்டும் நனைந்த தரையைப் பார்த்தால் எனக்கு உற்சாகம் வருகிறது.

பிரிவுகளில் டிராகோனிக் பிளட்லைன் புதியவருக்கு நல்லது. லெவலுக்கு ஓர் உயிர்ப்புள்ளி கூடும், கவசம் இல்லாமலேயே காப்பு 13-இலிருந்து தொடங்கும், லெவல் 6-இல் தன் டிராகனுக்குரிய வகைச் சேதத்தோடு கரிஸ்மாவும் சேரும். வைல்டு மேஜிக் எப்போது என்ன நடக்கும் என்று தெரியாதது. முதல் ஆட்டத்துக்கு அதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

ஒரு விஷயம் மட்டும். ஃபயர்பாலிலிருந்து நம் ஆட்களைக் காப்பாற்ற சோர்சரரிடம் கேர்ஃபுல் ஸ்பெல் இருக்கிறதே என்று நினைக்கலாம். அது கூட்டாளிகளைச் சேவிங் த்ரோவில் தப்ப வைக்கும், அவ்வளவே. ஃபயர்பாலில் தப்பினாலும் பாதிச் சேதம் உண்டு. எவோகேஷன் விஸார்டு தருகிற முழுப் பாதுகாப்பு அதில் இல்லை.

இப்போது வார்லாக். ஏதோ ஒரு பெரிய சக்தியோடு ஒப்பந்தம் செய்து மந்திரம் வாங்கியவர். இவரும் கரிஸ்மா. இவருடைய கணக்கு முற்றிலும் வேறு. லெவல் 2 முதல் 10 வரைக்கும் இரண்டே ஸ்லாட். லெவல் 11-இல் மூன்று. கேட்டதும் ஏமாற்றமாக இருக்கும். எனக்கும் இருந்தது. ஆனால் அந்த இரண்டும் எப்போதும் அவரால் முடிந்த உச்சப் படியிலேயே இருக்கும். அதைவிட முக்கியம், ஷார்ட் ரெஸ்ட்டிலேயே திரும்பிவிடும். லெவல் 5-இல் கணக்குப் போட்டுப் பாருங்கள்: காலையில் இரண்டு, ஷார்ட் ரெஸ்ட், இரண்டு, இன்னொரு ஷார்ட் ரெஸ்ட், இரண்டு. ஒரு நாளைக்கு ஆறு மூன்றாம் படி மந்திரம். விஸார்டுக்கு ஆர்கேன் ரிகவரியோடு சேர்த்தே மூன்றுதான். குழுவில் பாடகரான பார்டு இருந்தால் அவருடைய சாங் ஆஃப் ரெஸ்ட் இன்னொரு ஷார்ட் ரெஸ்ட்டைத் தரும், அப்போது எட்டு.

ஸ்லாட் இல்லாத நேரத்தில் என்ன செய்வது? எல்ட்ரிச் பிளாஸ்ட். கான்ட்ரிப்தான், செலவே இல்லை. லெவல் 2-இல் அகனைஸிங் பிளாஸ்ட் என்ற வசதியை எடுத்தால் ஒவ்வொரு கதிரோடும் கரிஸ்மா கூடுதல் சேரும். லெவல் 5-இல் இரண்டு கதிர், லெவல் 10-இல் மூன்று. கரிஸ்மா 18 வைத்து, இரண்டு கதிரும் பட்டால் சராசரி 19 சேதம். அதே லெவலில் மற்றவர்கள் போடும் ஃபயர் போல்ட்டுக்குச் சராசரி 11. கதிர்களைப் பிரித்து வேறு வேறு ஆள் மேலும் விடலாம். ரிபெல்லிங் பிளாஸ்ட்டையும் சேர்த்துக்கொண்டால் பட்டவர் 4.5 மீட்டர் பின்னால் தள்ளப்படுவார். பாறை விளிம்பில் நிற்கும் எதிரிக்கு அதுவே போதும்.

லெவல் 5-இல் கிடைக்கும் ஹங்கர் ஆஃப் ஹாடார் என்ற மந்திரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஓரிடத்தை இருளால் மூடிவிடும். உள்ளே இருப்பவர்களுக்குக் கண் தெரியாது, நடை பாதியாகும், குளிரும் அமிலமும் தின்னும். தட்டுத்தடுமாறி வெளியே வருகிறவனை ரிபெல்லிங் பிளாஸ்ட்டால் மறுபடி உள்ளே தள்ளலாம். இரண்டே கருவிதான், ஆனால் அவற்றை வைத்து ஒரு வாசலை முழுக்க அடைத்துவிட முடியும். நான் முதல் முறை இதைச் செய்தபோது எழுந்து நின்றுவிட்டேன்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. ஒரே சண்டை நீண்டுகொண்டே போனால் வார்லாக் இரண்டு மந்திரத்தோடு முடிந்துவிடுவார், பிறகு கதிர், கதிர், கதிர். கதையின் மூன்றாம் பாகத்தில் அப்படிப்பட்ட சண்டைகள் உண்டு. அந்த நேரத்தில் விஸார்டு அருகில் இருந்தால் கொஞ்சம் பொறாமை வரும். கான்சன்ட்ரேஷனைக் காப்பதிலும் இவர் விஸார்டைப் போலத்தான், சோர்சரரைப் போல அல்ல. ஷார்ட் ரெஸ்ட்டையே நம்பி முகாமுக்குப் போகாமல் இருப்பதும் தவறு. கூட வரும் பாத்திரங்கள் மனம் திறந்து பேசுவது பெரும்பாலும் முகாம் இரவுகளில்தான். லாங் ரெஸ்ட்டைத் தள்ளிக்கொண்டே போகிறவர்கள் கதையின் நல்ல பகுதியைத் தவறவிடுகிறார்கள்.

கிளெரிக் என் இப்போதைய கிளாஸ், டெம்பெஸ்ட் பிரிவு. விஸ்டம், அதாவது விவேகம்தான் பலம். சுருள் தேட வேண்டாம், கிளெரிக்குரிய மந்திரம் எல்லாம் கைவசம். தயார் செய்வதை மட்டும் தேர்ந்துகொள்ளலாம். பிளெஸ் என்ற முதல் படி மந்திரம் மூன்று பேருக்கு அடிக்கும் பகடையிலும் தப்பும் பகடையிலும் நான்குமுகப் பகடை ஒன்றைக் கூட்டித் தரும். பார்க்கச் சிறியது, ஆனால் கதை முடியும்வரை பயன்படும். லெவல் 5-இல் ஸ்பிரிட் கார்டியன்ஸ் வந்ததும் கிளெரிக் சும்மா நடந்து போனாலே சுற்றியிருக்கும் எதிரிகள் வெந்துபோவார்கள். ஹீலிங் வேர்டு துணைச் செயல் என்பதால் விழுந்தவரைத் தூரத்திலிருந்தே எழுப்பிவிட்டு வேறு வேலையும் பார்க்கலாம். வைத்தியம் மட்டும் பார்க்கும் ஆள் என்று நினைத்துப் பலர் இதை ஒதுக்குகிறார்கள். எனக்கு அதைக் கேட்டால் வருத்தமாக இருக்கும். ஆறு பேரில் அதிகம் தாங்கக்கூடியவரும், எந்தக் குழுவிலும் வீணாகாதவரும் இவர்தான்.

பார்டு பேச்சில் வல்லவர். லெவல் 3-இலும் 10-இலும் எக்ஸ்பர்டீஸ் என்ற சிறப்புத் தேர்ச்சி கிடைப்பதால் வாயால் சண்டையைத் தவிர்ப்பதில் இவரை மிஞ்ச ஆள் இல்லை. தெருவில் வாசித்தால் கூட்டம் கூடிக் காசு போடும். நேரடிச் சேதம் குறைவு; லோர் பிரிவு லெவல் 6-இல் வேறு கிளாஸின் மந்திரங்களை எடுத்துக்கொள்ளும்போதுதான் அது கொஞ்சம் மாறும். மந்திரத்தால் எரிக்க வேண்டும் என்று வருகிறவருக்கு இது பொருந்தாது.

ட்ரூயிட் மிருகமாக உருமாறுவார். உருமாறிய நிலையில் மந்திரம் போட முடியாது. மந்திரம் கேட்டவளுக்குக் கரடியைக் கொடுப்பது சரியல்ல என்பதால் இதை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

இப்போது எங்கள் வீட்டுக் கணக்கு. நான்கு இடத்தில் மூன்று எங்களுக்கு. நான் கிளெரிக், தம்பி ஃபைட்டர், பேட்டில் மாஸ்டர் பிரிவு. மீதி ஓர் இடம் விளையாட்டிலேயே வரும் துணைப் பாத்திரத்துக்கு. அந்தத் துணைகளில் கேல் விஸார்டு, ஷேடோஹார்ட் கிளெரிக், வில் வார்லாக். பிறகு வருகிறவர்களில் ஹால்சினும் ஜஹீராவும் ட்ரூயிட். சோர்சரராகவோ பார்டாகவோ பிறந்த துணை ஒருவரும் இல்லை. தனியாக விளையாடுகிறவர்களுக்கு இது பெரிய செய்தி: உங்களுக்கு விஸார்டு மந்திரம் வேண்டுமென்றால் கேல் இருக்கிறார், நீங்கள் சோர்சரராக இருந்து மற்றதைச் சேர்த்துக்கொள்ளலாம். தனியாக ஆடும் யார் கேட்டாலும் நான் தயங்காமல் சோர்சரர் என்பேன்.

எங்கள் நிலை அப்படியல்ல. நான்காவது இடத்தில் கேலை வைத்தால் ஃபயர்பாலும் சுருளும் வந்துவிடும், ஆக அவள் விஸார்டு எடுக்கத் தேவையில்லை. மீதி சோர்சரரா வார்லாக்கா என்பதுதான். இங்கேதான் ஓய்வுக் கணக்கு வேலை செய்கிறது. தம்பிக்கு இன்னொரு செயல் தரும் ஆக்ஷன் சர்ஜும் அவனுடைய பேட்டில் மாஸ்டர் பகடைகளும் ஷார்ட் ரெஸ்ட்டில் திரும்புகின்றன. சேனல் டிவினிட்டி என்ற என் கிளெரிக் சக்தியும் அப்படியே. மின்னல், இடிச் சேதத்தை உச்சத்துக்குக் கொண்டு போவது அதைச் செலவழித்துத்தான். அவள் வார்லாக் எடுத்தால் மூவருமே ஒரே தாளத்தில் மூச்சு வாங்குவோம். ஒரு சண்டை, ஷார்ட் ரெஸ்ட், அடுத்த சண்டை. மூன்று மணி நேரத்தில் முகாமுக்குப் போகலாமா வேண்டாமா என்ற வாதம் ஒரு தடவைக்கு மேல் வராது. சோர்சரர் எடுத்தால் முதல் இரண்டு சண்டையில் நட்சத்திரமாக இருந்துவிட்டு மூன்றாவதில் "அக்கா, எனக்கு ஒன்னும் இல்ல" என்பாள். புதிதாக வருகிறவளுக்கு அந்தச் சொல் வாயில் வரக் கூடாது என்று நினைக்கிறேன்.

இரண்டாவது காரணம், முதல் ஆட்டம். விஸார்டுக்குப் பெரிய ஏடு, சோர்சரருக்கு எந்த மந்திரத்தை எப்படி வளைப்பது என்ற கணக்கு. வார்லாக்குக்கு இரண்டு முடிவு மட்டும்: இப்போது ஸ்லாட் செலவழிக்கலாமா, கதிர் போதுமா? இதைப் பழகிக்கொண்டே மற்ற விதிகளைக் கற்றுக்கொள்ளலாம். மூன்றாவது, கரிஸ்மா. நானும் தம்பியும் பேசுவதில் திறமில்லாத பாத்திரங்களை வைத்திருக்கிறோம். விளையாட்டில் தமிழ் இல்லை, உரையாடல் எல்லாம் ஆங்கிலம். அவள் வேகமாகப் படிப்பாள், நயமாகவும் பேசுவாள். எங்கள் குழுவுக்கு அவளே முன்னால் நின்று பேசட்டும்.

வார்லாக் தொடக்கத்திலேயே தன் ஒப்பந்தக்காரரைத் தேர்ந்தாக வேண்டும். நான் ஃபீன்டு என்றேன்: எதிரியை வீழ்த்தும்போது தற்காலிக உயிர்ப்புள்ளி கிடைக்கும், லெவல் 5-இல் ஃபயர்பாலும் எடுக்கலாம். தொலைபேசியில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை.

"அக்கா, ஃபீன்டுன்னா சாத்தான் மாதிரிதானே? அம்மா எட்டிப் பார்த்துட்டு என்னன்னு கேட்டா?"

சின்னக் கேள்வி அல்ல இது. சித்தி வீட்டில் வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுவார்கள். பல மாதம் ஓடப்போகும் விளையாட்டில் மனதுக்கு ஒட்டாத பெயரைச் சுமந்து திரிய முடியாது. ஆர்ச்ஃபே எடுத்துக்கொள் என்றேன். வனதேவதை போன்ற சக்தி. ஃபே பிரெசன்ஸ் என்ற வசதி அருகில் நெருங்கி வந்தவர்களை மயக்கும் அல்லது அஞ்ச வைக்கும். ஃபயர்பால் போகும், போகட்டும், கேல் இருக்கிறார். எல்ட்ரிச் பிளாஸ்ட்டும் ஹங்கர் ஆஃப் ஹாடாரும் எந்த ஒப்பந்தத்திலும் மாறாது. எட்டாம் பேட்சில் வந்த ஹெக்ஸ்பிளேடு வாள் ஏந்துகிறவர்களுக்கு. கத்தி வேண்டாம் என்றவளுக்கு அது ஆகாது.

பண்புகளுக்குக் கரிஸ்மா 17, கான்ஸ்டிடியூஷன் 15 என்று வைக்கச் சொன்னேன். லெவல் 4-இல் இரண்டுக்கும் ஒவ்வொன்று கூட்டினால் 18-உம் 16-உம் ஆகிவிடும். லெவல் 1-இல் ஒரே ஒரு ஸ்லாட் என்பதால் முதல் வாரம் மெதுவாகத்தான் போகும். லெவல் 2 வந்து அந்த இரண்டு பிளாஸ்ட் வசதிகளும் கிடைக்கும்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும். லெவல் 5 வரைக்கும் எந்த மந்திரக் கிளாஸையும் நல்லது கெட்டது என்று முடிவு செய்யக் கூடாது என்பது என் அனுபவம்.

அதற்குப் பிறகும் பிடிக்கவில்லையென்றால் மாற்றலாம். கதையின் தொடக்கத்தில் ஒரு கல்லறை மண்டபத்தில் விதர்ஸ் என்ற பாத்திரம் இருக்கிறார். பிறகு முகாமுக்கே வந்து நிற்பார். 100 பொன் கொடுத்தால் கிளாஸையே மாற்றித் தருவார், எத்தனை முறை கேட்டாலும். கேல் தேடிக் கொண்டுவரும் சுருளுக்கு நான் செலவழிப்பதற்கு முன்பே, முதலில் சேரும் 100 பொன்னை அவள் பையில் போட்டுவிடுவதாகத் தம்பி சொல்லியிருக்கிறான். வருகிற சனிக்கிழமை ஒன்பது மணிக்குத் தொடங்குகிறோம்.